ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு இலக்கியமும் வரலாறும் ஒண்ணா: ஒரு வருஷத்த எப்படிப் போடறது

கேள்விய ஒருதரம் சுருக்கிச் சொல்லிடறேன், புதுசா வர்றவங்களுக்கும் புரியும். உங்க பொண்ணு இந்த வருஷம் ஏழாவது, வீட்டுலயே நீங்கதான் சொல்லிக்கொடுக்கறீங்க, உலக வரலாறு பழங்காலத்துல ஆரம்பிச்சு இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் ஒரே வருஷத்துல ஓடுது, அதோட இலக்கியத்தையும் கோர்த்துடலாம்னு நினைக்கறீங்க, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு புத்தகம்னு லிஸ்ட் வேணும். கடைசியில போறபோக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க, கதைய படிச்சு தப்பான வரலாறு மண்டையில ஏறிடுமோன்னு பயமா இருக்குன்னு. எனக்கு அந்தக் கடைசி வரிதான் நிஜக் கேள்வியா படுது. அதுக்கு ஒரு வழி கிடைச்சிட்டா லிஸ்ட் தானா அமைஞ்சிடும். நான் ரொம்ப வருஷமா ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு மொழிப்பாடமும் வரலாறும் ரெண்டுமே எடுத்துட்டு வர்ற ஆள், அந்த அனுபவத்துலேர்ந்து சொல்றேன்.

முதல்ல லிஸ்ட் விஷயம். பாடத்துக்கு ஒரு புத்தகம் வேண்டாம். ஒரு கல்வியாண்டுன்னா கையில நிக்கறது ஏறக்குறைய 36 வாரம், பன்னண்டு வயசுப் பிள்ளை ஒரு முழு புத்தகத்த பேசிப் பேசிப் படிக்கணும்னா நாலுலேர்ந்து ஆறு வாரம் பிடிக்கும், நடுவுல நாள் தள்ளிப்போறதுக்கும் இடம் விட்டா வருஷத்துக்கு அஞ்சு இல்ல ஆறு நிறுத்தம், அவ்வளவுதான். வரலாறு தன் பாட்டுக்கு ரயில் மாதிரி போகட்டும், நீங்க சில ஸ்டேஷன்ல மட்டும் இறங்குங்க. இருபது ஸ்டேஷன்லயும் இறங்கினா எதையும் பார்த்த மாதிரி இருக்காது, வருஷக் கடைசியில பிள்ளைக்குப் புத்தகத்தோட பேரு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

இப்ப அந்த பயத்துக்கு வர்றேன். எந்தப் புத்தகத்த எடுத்தாலும் அதுக்கு ரெண்டு காலம் இருக்கு, கதை நடக்கற காலம் ஒண்ணு, எழுதின காலம் ஒண்ணு. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கற பழக்கம் பிள்ளைக்கு வந்துடுச்சுன்னா உங்க பயத்துல முக்கால்வாசி போயிடும். 'பொன்னியின் செல்வன்' நடக்கறது பத்தாம் நூற்றாண்டுல, கல்கி எழுதினது 1950லேர்ந்து 1954 வரைக்கும். ஆர்தர் மில்லரோட 'தி க்ரூசிபிள்' நாடகம் நடக்கறது 1692ல, சூனியம் வைக்கறாங்கன்னு சந்தேகப்பட்டு ஆளுங்கள விசாரிச்ச நேரம், எழுதினது 1953ல, அமெரிக்காவுல கம்யூனிஸ்ட்னு சந்தேகப்பட்டு ஆளாளுக்கு விசாரிச்சிட்டிருந்த நேரம், அது தெரியாம அந்த நாடகத்த படிச்சா பாதிதான் கிடைக்கும் (ஏழாவதுக்கு அது சீக்கிரம், உதாரணத்துக்குத்தான் சொன்னேன்). சுவத்துல நீளமா ஒரு காகிதத்த ஒட்டி காலக்கோடு போடுங்க, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ரெண்டு புள்ளி, ரெண்டு கலர், நடுவுல ஒரு நூல். நூல் எவ்வளவு நீளமோ அவ்வளவு கேள்வி கேக்கலாம்னு பிள்ளைக்குச் சொல்லிடுங்க. நூலே இல்லாம ரெண்டு புள்ளியும் ஒட்டி நின்னாலும் எழுதினவர் எதையாவது விட்டிருப்பார், எதையாவது மறைச்சிருப்பார், அதுக்கும் கீழ ஒரு உதாரணம் வருது.

ஆரம்பத்துக்கு மெசபடோமியாவோட பழைய காவியம் கில்காமேஷ் நல்லா இருக்கும், சிறுவர்களுக்குன்னு சுருக்கினதா பார்த்து எடுங்க, மூலத்துல அந்த வயசுக்கு ஒத்துவராத பகுதி இருக்கு. நண்பன் செத்ததும் சாவே இல்லாம இருக்க வழி தேடிப் போற ராஜா கதை, பிள்ளைங்க டக்குனு ஒட்டிக்குவாங்க. நமக்குக் கிடைச்சிருக்கற முக்கியமான களிமண் பலகைகள் நினிவேயில அசீரிய ராஜா அசுர்பனிபாலோட நூலகத்துலேர்ந்து வந்தது, கி.மு. ஏழாம் நூற்றாண்டு, கில்காமேஷ்னு நிஜமாவே ஒரு ராஜா இருந்திருந்தா அவர் அதுக்கு ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி. காலக்கோட்டுல அந்த நூல் எவ்வளவு நீளம் பாருங்க. 1872ல ஜார்ஜ் ஸ்மித் லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல உட்கார்ந்து அந்தப் பலகைல வெள்ளக் கதை இருக்கறத படிச்சுக் கண்டுபிடிச்ச விஷயத்தையும் சொல்லுங்க. ரெண்டு மூணு வாரம் போதும், இதுல ரொம்ப நின்னுட வேண்டாம்.

அடுத்த நிறுத்தம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமையும் சங்கப் பாடலையும் பக்கத்து பக்கத்துல வைங்க. அகநானூறு 149ல சேர நாட்டுத் துறைமுகம் முசிறிக்கு யவனரோட (கிரேக்க, ரோமானிய வியாபாரிங்க) கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்பிப் போகுதுன்னு வருது. அதே வியாபாரத்த அந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்து புலம்பினவர் ரோமானிய எழுத்தாளர் மூத்த ப்ளினி, வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) இந்தியாவுக்குப் போகுதுன்னு கணக்கு சொல்றார், இன்னொரு இடத்துல மிளகுகிட்ட காரத்தத் தவிர என்ன இருக்கு, அதுக்காக இந்தியா வரைக்கும் போறாங்களேன்னு எரிச்சலா எழுதறார். பொன் வந்த துறைமுகத்துல ஒரு குரல், பொன் போன ஊர்ல ஒரு குரல். பிள்ளை ரெண்டையும் படிச்சிட்டு ‘அப்ப ரெண்டு பேரும் ஒரே காசத்தான் சொல்றாங்களா’ன்னு கேப்பா, அந்த இடத்துக்கு அவளே வரட்டும், நீங்க முந்திக்காதீங்க.

ஆனா இங்க ஒண்ணு கவனிக்கணும், வரலாறு எடுக்கறவங்க வழக்கமா இலக்கியத்த காயப்படுத்தறது இந்த இடத்துலதான். அந்த அகநானூற்றுப் பாட்டு வியாபார அறிக்கை இல்ல. அவ்வளவு பெரிய செல்வம் கிடைச்சாலும் இவள விட்டுட்டுப் பொருள் தேட வரமாட்டேன்னு தலைவன் தன் நெஞ்சுகிட்ட சொல்ற பாட்டு, முசிறி அதுல ஊடால வர்ற ஊரு. முசிறி வரிய மட்டும் வெட்டி எடுத்து நோட்டுல ‘ரோமானிய வணிகம்’னு எழுதி வச்சா பாட்டு செத்துடுச்சு. முதல்ல யார் பேசறாங்க, யார்கிட்ட, எதுக்கு, இந்த மூணும் முடியட்டும். அப்புறம் முசிறிக்கு வாங்க. வேற எந்தப் புத்தகம் எடுத்தாலும் இதே வரிசைல போங்க.

மூத்த ப்ளினி செத்தது கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சப்போ. அத எழுதி வச்சது அவரோட சகோதரி மகன், இளைய ப்ளினி, அப்ப அவருக்கு 17 வயசு. வரலாற்றாசிரியர் டாசிடஸுக்கு அவர் எழுதின ரெண்டு கடிதம் இருக்கு, ரெண்டுமே சின்னது, ஏழாவது பிள்ளைக்கு எளிமையா மொழிபெயர்த்துச் சொன்னா தாராளமா புரியும். மாமா கப்பல எடுத்துட்டு கிளம்பறார், கூட வர்றியான்னு கேக்கறார், இவன் படிக்கற வேலை இருக்குன்னு சொல்லிடறான். அன்னிக்கு ராத்திரி பூமி ஆடிட்டிருக்கு, இவன் லிவியோட வரலாற்றுப் புத்தகத்த வச்சுக்கிட்டு குறிப்பு எடுத்துட்டிருக்கான், வீட்டுக்கு வந்த மாமாவோட நண்பர் திட்டறார். என் வகுப்புல இந்த இடம் வந்தா சிரிப்பு அடங்கவே நேரம் ஆகும். சிரிச்சு முடிச்சதும் கேளுங்க, இத அவர் எழுதினது சம்பவம் நடந்து இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல கழிச்சு, பெரிய மனுஷன் ஆனப்புறம், பயந்து நடுங்கினேன்னு எழுதுவாரா, தைரியமா புத்தகம் படிச்சேன்னு எழுதுவாரா? கண்ணால பார்த்த சாட்சிதான், ஆனா நினைவுலேர்ந்து எழுதினது. அந்த வித்தியாசத்த இதவிட சுலபமா சொல்லித்தர்ற உரை எனக்குத் தெரிஞ்சு கம்மி.

இதே நிறுத்தத்துல புறநானூறு 112ஐயும் சேர்த்துக்குங்க, பாரி மகளிர் பாட்டு, மொத்தமே அஞ்சு வரி. அன்னிக்கு அந்த நிலாவுல அப்பாவும் இருந்தார், குன்றும் எங்ககிட்ட இருந்துச்சு, இன்னிக்கு இந்த நிலாவுல ஜெயிச்ச வேந்தர்கள் குன்ற எடுத்துக்கிட்டாங்க, அப்பாவும் இல்ல. போருக்கு என்ன காரணம், எத்தனை பேர், யார் எப்படி ஜெயிச்சாங்க, எதுவுமே அதுல கிடையாது. வரலாற்றுப் புத்தகம் ஜெயிச்சவங்க பேரச் சொல்லும், தோத்த வீட்டுப் பொண்ணுங்க என்ன சொன்னாங்கங்கறது இந்த அஞ்சு வரில இருக்கு. சங்கப் பாடலோட காலத்த ஒரே வருஷமா எழுதிடாதீங்க, பெரும்பாலும் கி.பி. முதல் மூணு நூற்றாண்டுன்னு சொல்றாங்க, இன்னும் முன்னாடி கொண்டு போறவங்களும் இருக்காங்க, பாட்டு பாடின காலம் வேற, தொகுத்த காலம் வேற. காலக்கோட்டுல புள்ளி வைக்காம ஒரு பட்டையா கலர் அடிச்சு விடுங்க, ‘இது நிச்சயமில்ல’ன்னு பிள்ளைக்கு அதப் பார்த்தாலே தெரியும்.

இடைக்காலத்துக்கு நான் எடுக்கறது பொன்னியின் செல்வன், ஆனா அஞ்சு பாகத்தையும் எடுத்தீங்கன்னா வருஷமே முடிஞ்சிடும். முதல் பாகத்துலேர்ந்து கொஞ்சம், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை சுத்தி வர்ற அத்தியாயங்கள், நடுவுல நடந்தத நீங்களே வாயால கதையா சொல்லிடுங்க, பிடிச்சா லீவுல அவளே முழுசா படிப்பா. இதோட கட்டாயம் சேர வேண்டியது காட்டுமன்னார்கோவில் உடையார்குடி கல்வெட்டு. ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சியாண்டுல வந்தது, கரிகாலனக் கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேரு சொல்லி அவங்க உறவுக்காரங்க சொத்தையும் சேர்த்து என்ன பண்ணணும்னு உத்தரவு. கொலை நடந்துச்சுன்னு அதுலேர்ந்து தெரியும், யார் யார் குத்தவாளின்னு அரசு சொன்னதும் தெரியும், ஏன் கொன்னாங்கங்கறது அதுல இல்ல. அந்த இடைவெளிலதான் கல்கி நுழையறார். நந்தினிக்கு கல்வெட்டுல ஆதாரம் கிடையாது, வந்தியத்தேவன் பேருக்கு உண்டு, குந்தவையோட கணவரா. ஒரு நாவலாசிரியர் எங்க வரைக்கும் ஆதாரத்த பிடிச்சுக்கிட்டு நடக்கறார், எங்க கைய விடறார்னு பிள்ளையே பென்சில்ல கோடு போட்டுக் கண்டுபிடிக்கலாம். நான் பார்த்தவரைக்கும் இந்த வயசுக்காரங்களுக்கு இது துப்பறியற விளையாட்டு மாதிரி, சொல்லாமலே செய்வாங்க. சீனாவையும் தொடணும்னா கி.பி. 757ல தூ ஃபூ எழுதின வசந்தக் காட்சி கவிதை ஒண்ணு போதும், ஆன் லூஷான்ங்கற தளபதியோட கலகத்தப்போ சிதைஞ்ச தலைநகரத்துல உட்கார்ந்து எழுதினது, எட்டே வரி. ஒரு மத்தியானம் ஒதுக்குங்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ஃப்ரெடரிக் டக்ளஸ் 1845ல எழுதின சுயசரிதை. அமெரிக்காவுல அடிமையா பிறந்தவர், எஜமானி எழுத்து சொல்லித்தர ஆரம்பிக்கறா, அவ புருஷன் தடுத்துடறான், அப்புறம் தெருவுல விளையாடற வெள்ளைக்காரப் பசங்களுக்கு ரொட்டி குடுத்து அவங்ககிட்ட வாசிக்கக் கத்துக்கறார். ஆறாவது ஏழாவது அத்தியாயம் இது, ஆரம்பத்த அங்க வச்சுக்கலாம். முதல் அத்தியாயத்துல சவுக்கடி காட்சி ஒண்ணு ரொம்பக் கொடூரமா வருது, நீங்க முதல்ல தனியா படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. ரெண்டு புள்ளியும் ஒட்டி நின்னாலும் மறைப்பாங்கன்னு சொன்னேனே, அது இங்கதான்: 1838ல எப்படித் தப்பிச்சேங்கறத அவர் அந்தப் புத்தகத்துல வேணும்னே சொல்லல, சொன்னா பின்னால வர்றவங்களுக்கு வழி அடைஞ்சிடும், உதவி பண்ணவங்க மாட்டுவாங்கன்னு. சொல்லாம விட்டதும் ஒரு சான்றுதான்னு ஏழாவது பிள்ளைக்கு இதவச்சுப் புரியவைக்கலாம்.

இதுக்குப் பக்கத்துல பாரதியோட 'கரும்புத் தோட்டத்திலே' பாட்ட வைங்க. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துல அடிமை முறைய ஒழிக்கற சட்டம் வந்தது 1833, உடனே அடுத்த வருஷமே மொரீஷியஸுக்கு இந்தியாவுலேர்ந்து ஒப்பந்தக் கூலிகள கொண்டு போக ஆரம்பிச்சாச்சு, பிஜிக்கு 1879லேர்ந்து 1916 வரைக்கும். வரலாற்றுப் புத்தகத்துல அடிமை ஒழிப்பு ஒரு அத்தியாயம், ஒப்பந்தக் கூலி வேற எங்கயோ ரெண்டு வரி, ரெண்டும் ஒரே கதையோட தொடர்ச்சின்னு பிள்ளைக்குத் தெரியறதே இல்ல. டக்ளஸ் தான் அனுபவிச்சத எழுதறார். பாரதி பிஜிக்குப் போனதே இல்ல, அங்க அழற பெண்களோட குரல நீ கேட்டிருப்பியேன்னு காத்துகிட்ட கேக்கறார், ஏன்னா நேர்ல கேக்க அவருக்கு வழியில்ல. அந்தக் காத்து வெறும் அலங்காரமா, இல்ல தூரத்த ஒத்துக்கற ஒரு வழியான்னு கேட்டுப் பாருங்க, நல்ல விவாதம் வரும்.

இருபதாம் நூற்றாண்டுக்கு, நாஜிகள்கிட்டேர்ந்து ஒளிஞ்சு வாழ்ந்த யூதப் பொண்ணு ஆன் ஃப்ராங்கோட டைரி, இத மாத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியல. பதிமூணாவது பிறந்தநாளுக்குக் கிடைச்ச நோட்டு, 1942 ஜூன் 12, அடுத்த மாசமே ஒளிஞ்சு வாழப் போயாச்சு, 1944 ஆகஸ்ட் 4ல பிடிபட்டாங்க, 1945 ஆரம்பத்துல பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாம்ல இறந்தா, புத்தகம் வந்தது 1947. பலபேர் விட்டுடற விஷயம் ஒண்ணு இருக்கு. 1944 மார்ச்ல ரேடியோவுல டச்சு அமைச்சர் ஒருத்தர் போர்க்கால டைரி, கடிதமெல்லாம் பத்திரமா வைங்க, பின்னால தேவைப்படும்னு பேசறார், அதக் கேட்டப்புறம் அவ தன் டைரிய புத்தகமா வர்ற மாதிரி திருத்தி எழுத ஆரம்பிக்கறா. அதாவது பழைய ஆன எடிட் பண்ற புது ஆன், நடுவுல ரெண்டே வருஷம். டைரின்னா அப்படியே மனசுலேர்ந்து கொட்டினதுன்னு நினைக்கற பிள்ளைக்கு இது பெரிய திறப்பு, அவளும் எழுத்தாளர்தான்னு அப்பதான் உறைக்கும். அவங்க பிடிபடறதுக்கு முன்னாடியே டைரி நின்னுடும், அதுக்கப்புறம் என்ன ஆச்சுங்கறத நீங்கதான் சொல்லணும், அந்த நாள வேற பாடம் எதுவும் வைக்காம காலியா விடுங்க.

நேரம் மிஞ்சினா 1945ல வந்த ஜார்ஜ் ஆர்வெல்லோட 'அனிமல் ஃபார்ம்'. இதுல மட்டும் வரிசைய மாத்துங்க, முதல்ல வெறும் பண்ணைக் கதையா படிக்கட்டும், அப்புறம் 1917லேர்ந்து ரஷ்யா, அப்புறம் திரும்ப ரெண்டு அத்தியாயம். முதல்லயே இந்தப் பன்னி ஸ்டாலின்னு சொல்லிட்டா கதை விடுகதை ஆயிடும். மத்த எல்லாத்துக்கும் வரலாறு ஒரு வாரம் முன்னாடி போகட்டும், சுருக்கமா.

ஏன் முன்னாடின்னு கேப்பீங்க. இது ஓரளவு உறுதியா தெரிஞ்ச விஷயம். 1988ல வந்த ஒரு ஆய்வுல ஏழாவது எட்டாவது பிள்ளைங்க 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டத்தப் பத்தி ஒரு பகுதிய குடுத்துப் படிக்கச் சொன்னாங்க, வாசிப்புல பின்தங்கின ஆனா ஆட்டம் தெரிஞ்ச பிள்ளைங்க, நல்லா வாசிக்கற ஆனா ஆட்டம் தெரியாத பிள்ளைங்கள விட நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. பின்புலம் தெரிஞ்சா வாசிப்பு சுலபமாகும், இதுல சந்தேகம் கம்மி. கதைல வர்ற தப்பு மனசுல உண்மையா பதியும்ங்கறதும் ஆய்வுல வந்ததுதான், உங்க பயம் வீண் இல்ல. வரலாற்றுப் படம் காட்டிப் பண்ணின சோதனைல, ‘படம்தானே, நம்பாதீங்க’ன்னு பொதுவா சொன்னது பெருசா உதவல, இந்த இடத்துல இது தப்புன்னு குறிப்பா சொன்னப்போ உதவுச்சு. அது கல்லூரி மாணவர்கள வச்சுப் பண்ணினது, பன்னண்டு வயசுக்கும் அப்படியே பொருந்தும்னு அடிச்சுச் சொல்லமாட்டேன், ஆனா பென்சில்ல கோடு போடற வேலைய நான் விடாம வச்சிருக்கறதுக்கு அதுதான் காரணம். இலக்கியத்தோட சேர்த்துப் படிச்சா வரலாறு கூடுதலா ஏறுமான்னு கேட்டா அங்க என் அனுபவம் ஆமான்னு சொல்லுது, அனுபவத்துக்கு மேல அத ஏத்தி வைக்க விரும்பல, ஆர்வமா இருக்கற பிள்ளைதான் என் கண்ணுல அதிகம் படும்.

வாரத்துக்கு நாலு நாள் போதும். மூணு நாள் வாசிப்பும் பேச்சும், அதுல பாதியாவது நீங்க சத்தமா வாசிச்சு அவ கேக்கட்டும், வயசு ஆயிடுச்சேன்னு நிறுத்திடாதீங்க. நாலாவது நாள் பக்கத்து ஆவணம், கல்வெட்டோ கடிதமோ, அப்புறம் ஒரு பக்கம் எழுத்து. கேள்வி வருஷம், பேரு கேக்கறதா இருக்கக் கூடாது, அத வரலாற்றுப் பாடம் பார்த்துக்கும். ‘இந்தக் கதைய அதே காலத்துல எதிர்ப் பக்கத்துல இருந்த ஒருத்தர் எழுதியிருந்தா எந்தக் காட்சிய விட்டிருப்பார்’, இந்த மாதிரி. ஒரு பக்கத்துக்கு மேல எழுதச் சொன்னீங்கன்னா புத்தகத்து மேலயே வெறுப்பு வந்துடும்.

உங்க பொண்ணு வாசிக்கறத நான் பார்த்ததில்ல, அதனால வேகம் எல்லாம் தோராயம்தான். வயசுக்குரிய ஒரு பக்கத்த எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படறான்னா இந்தத் திட்டம் பண்ற வேலை இல்ல அது, நேர்ல உட்கார்ந்து பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, புத்தகங்கள நீங்க வாசிச்சுக் காட்டறது பாட்டுக்கு நடக்கட்டும். மத்தபடி நாள் தள்ளிப்போனா வேகத்தக் கூட்டாதீங்க, புத்தகத்தக் குறைங்க. முதல்ல போக வேண்டியது அனிமல் ஃபார்ம், அடுத்த வருஷத்துக்கு அது இன்னும் நல்லா பொருந்தும், ரெண்டாவது கில்காமேஷ். முசிறி-ப்ளினி நிறுத்தமும் டக்ளஸ்-பாரதி ஜோடியும் போகக் கூடாது, டைரிக்கு ஆறு வாரம் முழுசா ஒதுக்கிடுங்க, அத வருஷக் கடைசி பரிட்சை நெருக்கடில கொண்டுபோய்ச் சொருகாம ரெண்டு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க.